நிலம் நிகர்த்த ஆசான்
ஓவியர் நந்தலால் போசின் வாழ்வும் பணியும்

நல்லாசிரியனுக்கு உவமை சொல்ல வந்த நன்னூலார் நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் எடுத்துக் காட்டினார். ஆசிரியனாதற்குத் தகாதவனுக்கும் அவரே நான்கு உவமைகளை வகுத்தார். அவற்றுள் ஒன்று மடற்பனை. யாழ்ப்பாணத்தாருக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. கருக்கு மட்டை சூழ நிற்கும் பனையிற் பிறர் ஏறிப் பயன் கொள்ளல் அரிது; பழம் தானாக விழுந்தாற் பொறுக்கிக்கொள்ளலாம். தன்பால் உள்ளதை மாணாக்கன் அணுகிப் பெறவொட்டாது காத்து நிற்கும் ஆசிரியன் இம்மரத்தைப் போல்வான். நிலமோ தன்னை உழுது பண்படுத்துவார்க்கு அவர்தம் முயற்சியின் அளவாக விளைவைத் தருகின்றது. இவ்வுவமையில் இன்னொரு நயத்தையும் நாம் கண்டுகொள்ளலாம். நெல்லை இட்டவனுக்கு நிலம் நெல்லைத் தரும். எள்ளை இட்டவனுக்கு எள்ளைத் தரும். தன் விருப்பப்படி ஒரு பயிரையே எல்லார்க்கும் விளைவிப்பதில்லை.

கலைஞன் ஒருவன் ஆசிரியனாகும்போது இவ்வுவமை பெருஞ் சோதனைக்கு உள்ளாகின்றது. இலக்கணமோ கணிதமோ கற்பிப்பவன் தன் பொருளைத் தெளிவாகக் கற்பித்தால் அமையும். ஓவியம் கற்பிப்பவனோ, அறிந்தோ அறியாமலோ, தன் கையையும் சேர்த்துக் கற்பித்துவிடுகின்றான். அவன் கோடு மாணாக்கன் கோடாகின்றது. அவன் வண்ணம் மாணாக்கன் வண்ணமாகின்றது. ஆசான் பெரியவனாக இருக்குந்தோறும் இவ்வாபத்தும் பெரிதாகும். இதற்கு மறுதலையான அச்சமும் ஒன்றுண்டு. கற்பித்தலிற் காலத்தைச் செலவிட்ட கலைஞனின் கலை நாளடைவில் தேய்ந்துபோம் என்பர். ஒன்று மாணாக்கனுக்கு வருங் கேடு. மற்றையது ஆசானுக்கு வருங் கேடு. இவ்விரண்டினையும் எதிர்நின்று வென்றவர் வங்காளத்து ஓவியர் நந்தலால் போஸ். அவருடைய வரலாறு ஆசிரியத் தொழில் புரிவோர் அனைவரும் அறிதற்குரியது.

இளமையும் குருவும்

நந்தலால் 1882ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆந் திகதி பீகாரில் முங்கேர் மாவட்டத்துக் காரக்பூரில் ஒரு வங்காளக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் தர்பங்கா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் க்ஷேத்திரமணி தேவி பொம்மைகள் செய்வதிற் கைவந்தவர். மகனுக்கு எட்டு வயதாகும்போதே அவ்வம்மையார் காலமானார். ஊர்க் குயவர் மண்ணைப் பிசைந்து தெய்வத் திருவுருவாக்குவதைப் பார்த்துத் தாமும் அவ்வாறே செய்து பழகியதுதான் நந்தலால் பெற்ற முதற் கல்வி.

1898இல் மேற்படிப்பின் பொருட்டுக் கல்கத்தா சென்றார். பள்ளிப் படிப்பு ஒருவாறு நிறைவேறியது. கல்லூரிப் படிப்பு நிறைவேறவில்லை. பரீட்சையில் தவறினார், வர்த்தகக் கல்வியிற் சேர்ந்தார், அதிலும் மனம் செல்லவில்லை. அக்காலத்தில் அவனீந்திரநாத தாகூர் தீட்டிய ஓவியங்கள் அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டன. 1905இல் அவனீந்திரரை நாடிச் சென்று அரசினர் ஓவியக் கலாசாலையில் மாணாக்கரானார். ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்து எழுதுதலே ஓவியக் கல்வி என்றிருந்த காலம் அது. அக்கலாசாலையின் அதிபராயிருந்த ஹாவெல் என்னும் ஆங்கிலேயரோ இந்திய ஓவிய மரபினையே அடிப்படையாகக் கொள்ள வேண்டுமெனத் துணிந்து நின்றார். அவனீந்திரர் அவருக்கு உறுதுணையாயினார்.

இக்குருவுக்கும் சீடருக்கும் இடையே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை அவனீந்திரரே பிற்காலத்தில் தம் நினைவுகளிற் கூறியுள்ளார். உமையம்மை தவஞ் செய்யுங் கோலத்தை நந்தலால் தீட்டிக் கொண்டுவந்து காட்டினார். படத்தில் நிறம் குறைவு என்று குருவுக்குத் தோன்றிற்று. மலையரசன் மகளைச் சிறிது அலங்கரிக்கும்படி சொல்லி அனுப்பினார். அன்றிரவு குருவுக்கு உறக்கம் வரவில்லை. தவத்தில் உறைந்த உமையையன்றோ சீடன் கண்டிருக்கின்றான். தன் கண்ணாற் கண்டதை அவன் எழுதினான். அதில் என் கண்ணை ஏன் புகுத்தினேன் என்று வருந்தினார். பொழுது புலர்ந்ததும் புலராததுமாக நந்தலாலின் இருப்பிடத்துக்கு விரைந்தார். நந்தலால் அப்போதுதான் தூரிகையை எடுத்து நிறத்தைத் தொடவிருந்தார். குரு தடுத்தார், ஓவியம் பிழைத்தது. திருத்தஞ் சொல்லும் உரிமை ஆசானுக்கு எங்கே முடிகின்றது என்பதை நந்தலால் கற்றுக்கொண்ட பாடம் இதுவென்றே கொள்ளலாம். பிற்காலத்தில் அவர் ஆசானாக விளங்கிய முறை முழுவதும் இதற்கு உரையாக அமைந்தது.

அசந்தாவும் ஆனந்தக் குமாரசுவாமியும்

1908இல் கீழைத்தேயக் கலைச் சங்கம் நடத்திய கண்காட்சியில் நந்தலாலின் சிவனுஞ் சதியும் என்ற ஓவியம் 500 ரூபா பரிசு பெற்றது. அப்பணத்தைக் கொண்டு அவர் கோயில்களையும் பழஞ் சிற்பங்களையும் காணும் யாத்திரையை மேற்கொண்டார். அடுத்து, ஹெரிங்காம் அம்மையார் அசந்தாக் குகை ஓவியங்களைப் படியெடுக்க வந்தபோது, 1909ஆம் ஆண்டின் இறுதியில், அவருக்குத் துணையாகச் சென்ற இளைஞருள் ஒருவரானார். சகோதரி நிவேதிதை இவ்விளைஞர் அங்குச் செல்ல வேண்டும் என்று பெரிதும் முயன்றவர். மங்கிய குகையில், பல நூற்றாண்டுகளுக்கு முன் பெயரறியாக் கண்ணுள் வினைஞர் இழுத்த கோடுகளின்மேல் தம் கண்ணை ஓடவிட்டுப் பழகியது நந்தலாலின் வாழ்வைத் திருப்பிவிட்டது. அதுவரை சிறு தாள்களில் மென்னிறம் பூசி எழுதியவருக்குச் சுவரின் மீது ஆசை பிறந்தது. சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும்! 1921இல் குவாலியர் சமஸ்தானத்துப் பாக் குகைகளுக்குச் சென்று அங்குள்ள ஓவியங்களையும் படியெடுத்தார்.

ஈழத்தவராகிய நாம் மறத்தற்கரிய ஒரு தொடர்பும் இக்காலத்தில் ஏற்பட்டது. கொழும்பிற் பிறந்த கலாநிதி ஆனந்தக் குமாரசுவாமி அந்நாட்களில் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரின் யொராசங்கோ மாளிகைக்கு வந்து தங்குவதுண்டு. அங்கிருந்த கலைச் செல்வங்களை நிரற்படுத்தும் பணியில் நந்தலால் அவருக்குத் துணை நின்றார். பழைய சித்திரம் ஒவ்வொன்றையும் கையிலெடுத்து அதன் இயல்பினை ஆராயும் அறிஞர் ஒருவர் அருகிருக்கப் பெறுதல் இளம் ஓவியனுக்கு எத்துணைப் பெரிய கல்வி! நிவேதிதை தொடங்கிவைத்து 1911இல் மறைந்தபின் குமாரசுவாமி நிறைவேற்றி 1913இல் வெளிவந்த இந்து, பௌத்த புராணக் கதை நூலிலும் நந்தலால் தீட்டிய ஓவியங்கள் இடம்பெற்றன.

கலாபவனம்

1914இல் நந்தலால் முதன்முறையாகச் சாந்திநிகேதனம் சென்றார். கவி இரவீந்திரநாத தாகூர் அவரைப் பாட்டினால் வரவேற்றார். 1919இல் கலாபவனம் தோன்றியபோது அவரை அங்கு நிலையாக இருத்திவிடவேண்டும் என்பது கவியின் விருப்பம். கல்கத்தாவிலேயே தம்மருகில் வைத்துக்கொள்ளவேண்டும் என்பது குரு அவனீந்திரரின் விருப்பம். சில காலம் இருபாலும் இழுபட்டபின் நந்தலால் சாந்திநிகேதனத்திற் குடியமர்ந்தார். 1922இல் கலாபவனத் தலைமையை ஏற்று 1951 வரை அதனை நடத்தினார். நூல் வல்லார் பலர் நிறைந்த அவ்விடத்தில் மாணாக்கர் அவரை அழைத்த பெயர் ‘மாஸ்டர் மஷாய்’ என்பதே. நம்மூர் வழக்கிற் சொல்வதானால் ‘வாத்தியார் ஐயா’.

கலாபவனத்தின் தொடக்க காலத்தில் இறுகிய பாடத்திட்டமும் இல்லை. பரீட்சைக்கென்று படிப்பித்தலும் இல்லை. ஆசான் மாணாக்கரோடு அமர்ந்து தம் ஓவியத்தைத் தாம் எழுதுவார், அவர்கள் பார்ப்பர். அவர்கள் எழுதுவர், அவர் பார்ப்பார். சாந்திநிகேதனத்துச் செம்மண்ணும் கல்லும் அரைக்கப்பட்டு நிறங்களாயின. வெறுஞ் சிறு அட்டைகளை நந்தலால் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். சந்தைக்குச் செல்லும் சாந்தால் பெண், உழவு மாடு, ஆட்டுக் குட்டி, முள்மரம் எனக் கண்ணிற் பட்டதெல்லாம் அவ்வட்டைகளில் நாலைந்து கோடுகளில் இடம்பெறும். பிரிந்து சென்ற மாணாக்கருக்கு அவர் எழுதிய தபாலட்டைகளிலும் எழுத்தோடு சித்திரம் இருக்கும். கடிதமே ஒரு பாடம்.

மரம் எழுதுவோர் தூரிகையை அடியிலிருந்து மேல்நோக்கிச் செலுத்தவேண்டும் என்பது அவர் சொல்லிக்கொடுத்த விதிகளுள் ஒன்று. மரம் அவ்வாறுதானே வளர்கின்றது! 1940 முதல் 1942 வரை அங்குப் பயின்று, பின்னர்த் திரைப்படத் துறையில் உலகப் புகழ் எய்திய சத்தியஜித் ராய் இதனை நினைவுகூர்ந்துள்ளார். உற்று நோக்கின் இவ்விதி நந்தலாலின் கொள்கை முழுவதையும் தன்னுள் அடக்கியது என்பது புலனாகும். பொருளின் புறவரையை அளந்து எழுதுதல் அவருக்குப் போதாது. அப்பொருள் எவ்வாறு உயிர்க்கின்றது, எவ்வாறு எழுகின்றது என்பதைக் கை உணரவேண்டும்.

கைவினைக்கும் கலைக்கும் இடையே அவர் வேலி அடைக்கவில்லை. கோலம் இடுதலும், நெசவும், தோல் வேலையும், நாடக மேடை அலங்காரமும் கலாபவனத்துக்கு உரியனவாயின. ஜெய்ப்பூரிலிருந்து சுதைச் சித்திரத்தில் வல்ல கைவினைஞர் ஒருவரை அழைப்பித்து அம்முறையினை மாணாக்கருடன் இருந்து தாமும் பயின்றார். நாற்பதைக் கடந்த தலைமையாசிரியர் தம் மாணாக்கர் நடுவே தாமும் ஒரு மாணாக்கராக அமர்ந்த அக்காட்சி ஒன்றே போதும், அவர் எத்தகைய ஆசிரியர் என்பதை உணர்த்த. 1930இல் தாகூர் குழந்தைகளுக்கென இயற்றிய ‘சகஜ பாடம்’ என்னும் வங்காள அரிவரிக்குப் படம் எழுதியவரும் அவரே. கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்ட அப்படங்கள் வங்காளக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக எழுத்தறியுங் காலத்திற் கண்டு களித்தவை.

மூன்று விதைகள்

ஆசானை அளக்கும் கோல் மாணாக்கரே. நந்தலாலின் மாணாக்கருள் மூவரை இங்கு எடுத்துக்கொள்வோம்.

விநோத விகாரி முகர்ஜி பிறவியிலேயே கண் குன்றியவர். ஒரு கண்ணிற் பார்வை இல்லை. மற்றக் கண்ணிலும் கிட்டப் பார்வையே. இத்தகையவன் ஓவியம் கற்பது கூடுமோ என்று நந்தலாலும் முதலில் ஐயுற்றார். கவியிடம் வினவியபோது, மாணவன் ஊக்கத்தோடு ஒழுங்காக வேலை செய்கின்றான் என்றால் அவனை விட்டுவிடுக என்னுங் கருத்துப்பட அவர் விடை பகர்ந்தார். நந்தலால் விட்டுவிட்டார். அம்மாணவர் 1946-47இல் சாந்திநிகேதனத்து இந்தி பவனச் சுவரில், முழுவளவு மாதிரிப் படம் எதுவுமின்றி நேரே சுவரிலேயே, இடைக்காலத்து அடியார்களின் வரலாற்றை எழுதினார். அது இந்தியச் சுவரோவியங்களுள் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. நடுவயது கடந்து பார்வை முற்றாக ஒழிந்த பின்னரும் தாளை வெட்டி ஒட்டியும் மெழுகிற் பிடித்தும் அவர் கலை செய்தார். சத்தியஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி ‘அகக்கண்’ எனப் பொருள்படும் பெயரால் ஒரு படம் எடுத்தார். ஒரே ஆசானின் மாணவன் இன்னொரு மாணவனுக்குச் செய்த மரியாதை அது.

இராம்கிங்கர் பேய்ஜ் பாங்குராவில் எளிய குடும்பத்திற் பிறந்தவர். 1925இல் சாந்திநிகேதனம் வந்தார். அவர் கொணர்ந்த படங்களைப் பார்த்த நந்தலால், எல்லாம் முன்னரே தெரிந்திருக்கின்றதே, இங்கு எதற்கு வந்தாய் என்னும் பொருள்படக் கேட்டு, இரண்டு மூன்று ஆண்டு இருந்து பார் என்றாராம். இராம்கிங்கர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டார். அவருடைய போக்கு ஆசானின் போக்கினின்றும் மிக விலகியது. நந்தலால் விரும்பிக் கையாளாத எண்ணெய் வண்ணத்தை அவர் கையாண்டார். சீமெந்தையும் பருக்கைக் கல்லையும் கலந்து, வெட்டவெளியில், ஆளுயரத்தினும் மேலாகச் சாந்தால் குடும்பம் ஒன்றினை 1938இற் படைத்தார். ஆசான் தலைமை வகித்த நிலையத்தின் முற்றத்திலேயே ஆசானின் வழியல்லாத வழி அவ்வாறு எழுந்து நின்றது.

மூன்றாமவர் கே. ஜி. சுப்பிரமணியன். கேரளத்திற் குடியேறிய தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர். மாணவப் பருவத்தில் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று, 1944இல் கலாபவனம் புகுந்தார். பின்னர் பரோடாவிலும் சாந்திநிகேதனத்திலும் பேராசிரியராக விளங்கி, ஓவியம், விளையாட்டுப் பொம்மை, சுவர்ச் சிற்பம், கலை விமர்சனம் எனப் பல துறைகளிலும் உழைத்து 2016இல் மறைந்தார். நந்தலாலின் கலைக் கட்டுரைகளை வங்காளத்திலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே.

இம்மூவர் படைப்புகளையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பவர் ஒருவர் கையை மற்றவர் கையென மயங்கமாட்டார்; ஆசானின் கையெனவும் மயங்கமாட்டார். நாம் முதலிற் சொன்ன நிலத்தின் இயல்பு இதுவே.

ஆசானின் சொந்த விளைவு

இனி, இரண்டாவது அச்சத்துக்கு வருவோம். கற்பித்தல் நந்தலாலின் கலையைத் தேய்த்ததா?

1930இல் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு நடந்தபோது, கோலூன்றி நடக்கும் அப்பெருமானை லினோலியத்திற் செதுக்கி அச்சிட்டார் நந்தலால். கருநிலத்தில் வெண்கோடுகளாக எழுந்த அவ்வுருவத்தை அறியாதார் இலர். 1938இல் ஹரிபுராக் காங்கிரஸ் மகாசபைக்கென, அடிகளின் வேண்டுகோளின்படி, எண்பதுக்கும் மேற்பட்ட சித்திரங்களைத் தம் கையாலேயே எழுதினார். உழவன், தச்சன், பஞ்சு கொட்டுவோன், மத்தளம் கொட்டுவோன், சமைக்கும் பெண் முதலிய எளியோரே அவற்றின் நாயகர். கைத்தாளில் மண்ணிறங்கள் கொண்டு தடித்த கோட்டினால் விரைந்து எழுதப்பெற்ற அச்சித்திரங்கள், அழைப்பிதழ் பெற்ற சிலருக்காகவன்றி, மாட்டுவண்டியில் வந்திறங்கிய கிராமத்தார்க்காகப் பந்தலில் வைக்கப்பட்டன. மாணாக்கரும் உடனிருந்து மேலும் பல நூறு படங்களை எழுதினர். பரோடாவில் கீர்த்தி மந்திரத்துச் சுவர்களில் 1939 முதல் 1946 வரை கங்கையின் வருகையையும் பாரதப் போரையும் மீராவின் வாழ்வையும் எழுதினார். இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதியை அலங்கரிக்கும் பணியும் அவரிடமே வந்தது. மொகஞ்சதாரோ இலச்சினையிலிருந்து தொடங்கி நாட்டின் வரலாறு அதன் ஏடுகளில் விரிகின்றது. அப்பணியையும் அவர் மாணாக்கரோடு பகிர்ந்துகொண்டார். முகவுரைப் பக்கத்தை அலங்கரித்த கை அவருடைய மாணாக்கர் பியோகார் ராம்மனோகர் சின்ஹாவினது.

இவையாவும் ஆசிரியராயிருந்த காலத்து வேலைகளே. இன்னும் நுணுகி நோக்கின், அவருடைய பெரும் படைப்புகள் ஆசிரியத் தொழிலிலிருந்தே முளைத்தவை என்பது தெளிவாகும். கல்கத்தாவிலே தனியோவியராக இருந்தபோது அவர் எழுதியவை பெரும்பாலும் புராணக் காட்சிகள். சாந்திநிகேதனத்தில் நாள்தோறும் மாணாக்கரை வெளியே அழைத்துச் சென்று, ‘பார், பார்’ என்று காட்டிக் காட்டியே அவர் கண்ணும் உழவனையும் மாட்டையும் மரத்தையும் காணக் கற்றது. அக்கண்ணில்லாமல் ஹரிபுரா இல்லை. பலர் கூடிச் சுவரெழுதும் பழக்கம் இல்லாமல் பரோடாவும் இல்லை. மாணாக்கருக்கு ஊற்றிய நீர் ஆசானின் வேரிலும் பாய்ந்தது.

ஈழத்துக்கும் நமக்கும்

1934இல் தாகூர் தம் நாடகக் குழுவுடன் இலங்கைக்கு வந்து, ஹொறணையில் ஸ்ரீபாளி கலாநிலையத்துக்கு அத்திவாரமிட்டபோது, நந்தலாலும் அப்பயணத்தில் இலங்கை வந்தார். அதே காலத்தில், சீன மொழி கற்கவெனச் சாந்திநிகேதனம் சென்ற சிங்களப் பிக்கு ஒருவர் அங்கே ஓவியத்தின்பால் ஈர்க்கப்பட்டார். அவரே மஞ்சுசிறி. நாடு திரும்பியபின் அவர் ஊர் ஊராக விகாரைகளுக்குச் சென்று, அழிந்துகொண்டிருந்த சுவரோவியங்களைப் பல ஆண்டுகளாகப் படியெடுத்தார். அப்பணிக்காக 1979இல் மக்சேசே விருது பெற்றார். அசந்தாவிலும் பாக் குகையிலும் நந்தலால் செய்த தொண்டினை ஈழத்து விகாரைகளில் மஞ்சுசிறி செய்தார் எனின் பொருந்தும்.

கல்வியிற் கலைக்குரிய இடம் பற்றி நந்தலால் ஒரு கட்டுரை எழுதியுள்ளார். எழுத்துக்கும் எண்ணுக்கும் உரிய இடம் கலைக்கும் கல்வியில் உண்டென்பது அதன் முடிபு. செல்வர்க்கே அழகுணர்ச்சி என்பாரை அவர் ஏற்கவில்லை. மண் குடிசையில் வாழும் சாந்தால் ஏழை தன் முற்றத்தையும் சிலவாகிய பாண்டங்களையும் எத்துணை அழகாக வைத்திருக்கின்றான். மாளிகை போன்ற விடுதியில் வாழும் கல்லூரி மாணவனின் அறையோ எத்துணை அலங்கோலமாகக் கிடக்கின்றது என்று காட்டினார். அழகைக் காணாத கண் அழுக்கையுங் காணாது என்பது அக்கட்டுரையின் உட்பொருள்.

நம் பள்ளிக்கூடங்களின் நேரசூசியிற் சித்திரத்துக்கும் ஓரிடம் உண்டு. பரீட்சை நெருங்கியதும் கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ முதலிற் கடன் கொடுக்கப்படுவது அப்பாடவேளைதான். கடன் திரும்பி வருவதில்லை. ‘இவனுக்குக் கை வராது’ என்ற ஒரு சொல்லினால் எத்தனை பிள்ளைகளின் தூரிகையை நாம் பறித்திருக்கின்றோம்! கண் குன்றிய விநோத விகாரிக்கு அச்சொல் சொல்லப்பட்டிருந்தால் இந்தி பவனத்துச் சுவர் இன்றும் வெறுஞ் சுவராகவே நின்றிருக்கும்.

நந்தலால் 1954இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1966ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 16ஆந் திகதி கல்கத்தாவிற் காலமானார். அவர் பிறந்த நாளையொட்டி 1973 முதல் கலாபவனத்தில் ‘நந்தன் மேளா’ என்னும் சந்தை ஆண்டுதோறும் டிசம்பர் முதலிரு நாட்களிற் கூடிவருகின்றது. ஆசிரியரும் மாணாக்கரும் தத்தம் கையாற் செய்த ஓவியங்களையும் மட்பாண்டங்களையும் பொம்மைகளையும் அங்கு விற்பர். கிடைக்கும் பணம் இடருற்ற மாணாக்கருக்கு உதவும் நிதிக்குச் சேரும். பளிங்கில் எழுப்பும் நினைவுச் சின்னத்திலும் வாத்தியார் ஐயாவுக்கு இச்சந்தையே மிக உவப்பாயிருந்திருக்கும்.